"தூக்கிப் போடு" என்பது தீர்வல்ல, சோம்பல்



நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வருபவர்கள் முழுக்கப் படித்துவிட்டு வரவும். கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுபவர்களுக்கு நான் என்ன மதிப்பெண் போடுவேன் என்று உங்களுக்கே தெரியும்.

சென்ற வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார்: "கவர்மெண்ட் லேப்டாப், தங்கச்சிக்குத் தேவைப்படுது. நாலஞ்சு ஓஎஸ் இருக்கிற டிஸ்க் போட்டா மெனு வருது, விண்டோஸ் ஏற மாட்டேங்குது. என்ன செய்யலாம்?" பத்து நிமிடத்தில் பதினான்கு பதில்கள். எண்ணிப் பார்த்தேன், கணக்கு வாத்தியார் புத்தி. அதில் பதினொன்று "தூக்கிப் போடு", அல்லது அதன் தம்பி தங்கைகள்: "எக்சேஞ்ச்ல தள்ளு", "இஎம்ஐல புதுசு வாங்கு", "இன்னுமா அதை வெச்சிருக்க?" இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் "திரையில் என்ன எழுத்து வருது, போட்டோ எடுத்துப் போடுங்க" என்று கேட்டார். அவர் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். பெங்களூரிலும் சென்னையிலும் மென்பொருள் நிறுவனங்களில் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகள் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

அந்தப் பதினொரு பேருக்குத்தான் இந்தப் பதிவு.

எதைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள்?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் பிள்ளைகள் கைக்குப் போயின. குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம், திருமானூர் என்று நம் பக்கத்து ஊர்களில் பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். சின்ன வெங்காயம் காயப்போடும் திண்ணையில், முந்திரிக்கொட்டை மூட்டைக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் திட்டத்தின் முதல் கட்டக் கணினிகளில் இருந்த ஒரு விசேஷத்தைப் பலர் மறந்துவிட்டீர்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. சுவிட்சைப் போட்டதும் "எதில் போகிறாய்?" என்று கேட்கும். பெரம்பலூர் புதுப் பேருந்து நிலையத்தில் நின்று திருச்சி வண்டியா, சென்னை வண்டியா என்று தேர்ந்தெடுப்பது போல.

அப்புறம் என்ன நடந்தது? வாங்கிய மறு வாரமே கடைக்குக் கொண்டு போனோம். ஏன்? விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரையின் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது. பிடித்த நடிகர் படத்தை வைக்க முடியவில்லை. கடைக்காரர் முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு, இரண்டு இயங்குதளங்களையும் வழித்துத் துடைத்துவிட்டு, திருட்டு "அல்டிமேட்" ஒன்றை ஏற்றித் தந்தார். முறையாக நம் பேரில் கிடைத்த உரிமம் போச்சு. வைரஸ் எளிதில் நெருங்காத லினக்ஸ் போச்சு. பொதுப்பணத்தில் வாங்கிய இரண்டு நல்ல பொருளைக் கொடுத்து, ஒரு திருட்டுப் பொருளைக் காசும் கொடுத்து வாங்கினோம். எல்லாம் ஒரு சுவரொட்டிக்காக.

இன்று அந்தத் திருட்டுப் பதிப்பு படுத்துவிட்டது. மறுபடியும் ஏற்றத் தெரியவில்லை. உடனே பழி கணினி மேல்: "பழசு சார், தூக்கிப் போடு."

உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

கணினி ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்த ஆண்டுகளில் ஆய்வகச் சாவி என்னிடம்தான் இருந்தது. சில கணினிகளும் நிறைய தூசியும். அங்கே கற்றதைச் சொல்கிறேன். இதில் மந்திரம் எதுவும் இல்லை. கணக்கில் படிப்படியாகப் போவது போலத்தான்.

சுவிட்சைப் போட்டதும் நிறுவனத்தின் சின்னம் திரையில் வருகிறதா? எஃப்2 விசையைத் தட்டினால் நீலத்திலோ சாம்பலிலோ ஒரு அமைப்புப் பக்கம், அதாவது பயாஸ், திறக்கிறதா? திறந்தால் மதர்போர்டும் நினைவகமும் திரையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன என்று அர்த்தம். "போர்டு போயிடுச்சு" என்று அதற்குப் பிறகும் எவராவது சொன்னால், நாடி பார்க்காமல் மரணச் சான்றிதழ் எழுதுகிறார் என்று பொருள். அந்தப் பக்கத்தில் வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரியவில்லை என்றால் கோளாறு வன்தட்டிலோ அதன் இணைப்பிலோ. ஆயிரம் டிஸ்க் போட்டாலும் ஏறாது. தெரிந்தால், அடுத்த சந்தேகம் டிஸ்க் மேல்தான் விழவேண்டும், கணினி மேல் அல்ல.

டிஸ்கைச் சந்தேகியுங்கள்

பல இயங்குதளங்களை ஒரே டிஸ்கில் அடைத்துத் தருகிறார்களே, அந்த "ஆல் இன் ஒன்" டிஸ்க், அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். அது எங்கிருந்து வந்தது, யார் தயாரித்தார், உள்ளே வேறு என்ன நுழைத்தார் என்று விற்பவருக்கே தெரியாது. தேர்வறையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது தப்பு என்று சொன்ன நான், இதை மட்டும் சரி என்று எப்படிச் சொல்வேன்? பார்த்து எழுதியவனுக்காவது விடை தப்பாகப் போகும், அவ்வளவுதான். இங்கே உங்கள் வங்கிக் கடவுச்சொல்லே போகும். முதல் கட்டக் கணினி வைத்திருப்பவர்கள் அதைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டிய சிறிய ஸ்டிக்கரில் உரிம எண் இருக்கும். அழியாமல் இருந்தால் அது உங்களுடையது. அதே பதிப்பை ஏற்றி அந்த எண்ணைப் பயன்படுத்துவதுதான் நேர்வழி.

டிஸ்கை நீங்களே தயாரிக்கலாம். தயாரிக்கும்போது நடக்கும் தப்புகள் நாலைந்துதான்.

ஒன்று. பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே ஒரு கோப்பாக டிவிடியில் நகலெடுப்பது. அந்த டிவிடியை வேறு கணினியில் திறந்தால் ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரியும். அது எழும்பாது. "இமேஜ் பர்ன்" என்ற வழியில் எழுத வேண்டும். மாவை அப்படியே இலையில் கொட்டினால் தோசை ஆகாது, கல்லில் ஊற்ற வேண்டும்.

இரண்டு. அவசரம். மட்டமான டிவிடியில் அதிவேகத்தில் எழுதினால், பழைய டிரைவ் அதைப் படிக்கத் திணறும். நிறுவல் 40 விழுக்காட்டில் நின்றுவிடும். குறைந்த வேகத்தில் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுங்கள். இறக்கிய கோப்பே குறைபட்டிருந்தால் டிஸ்க் மட்டும் எப்படி நன்றாக வரும்?

மூன்று. அளவு. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. அதற்குள் நாலு இயங்குதளங்களைத் திணித்தவர் எதையோ வெட்டித்தான் திணித்திருப்பார். பென்டிரைவ் என்றால் வேறு சிக்கல்: ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஏறாது.

நான்கு. இன்றைக்கு எளிய வழி வென்டாய் என்ற கட்டற்ற மென்பொருள். பென்டிரைவில் ஒருமுறை அதை நிறுவினால் போதும். பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா நகலெடுத்துப் போட வேண்டியதுதான், அதுவே பட்டியல் காட்டும். நிறுவும்போது பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், கல்யாண போட்டோவை முதலில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி மட்டும் இந்த வழிக்கு வராது. அந்தக் காலத்து நிறுவல் நிரல் நிஜமான சிடி டிரைவைத் தேடும். எக்ஸ்பிக்கு அதன் சொந்தச் சிடியே உத்தமம்.

மெனு வருகிறது, விண்டோஸ் வரவில்லை

நம் குழுவில் கேட்டவரின் சிக்கல் இதுதான். மெனு வந்துவிட்டதால் டிஸ்க் படிக்கப்படுகிறது. கணினி உயிரோடு இருக்கிறது. இடையில் ஏதோ ஒத்துப்போகவில்லை. அது என்ன?

கணினி எழும்புவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய பயாஸ் வழி, அதை லெகசி என்பார்கள். புதிய யூஇஎஃப்ஐ வழி. விண்டோஸ் 7-இன் 32 பிட் பதிப்பு புதிய வழியில் எழும்பாது. ஸ்டார்ட்டர் பதிப்போ 32 பிட்டில் மட்டும்தான் வந்தது. எனவே கணினி யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால் மெனு அழகாக வரும், தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்துவிடும். பயாஸ் பக்கத்தில் போய் லெகசி அல்லது சிஎஸ்எம் என்பதை இயக்க வேண்டும். செக்யூர் பூட் என்ற பூட்டையும் திறக்க வேண்டும், விண்டோஸ் 7-க்கு அந்தப் பூட்டின் சாவி கிடையாது.

எக்ஸ்பி ஏற்றும்போது நீலத்திரை வந்து 7பி என்று முடியும் ஒரு பிழை எண் காட்டுகிறதா? வன்தட்டைப் பேசவைக்கும் ஏஹெச்சிஐ முறை எக்ஸ்பிக்குத் தெரியாது. பயாஸில் சாட்டா மோடு என்ற இடத்தில் ஐடிஇ அல்லது கம்பாட்டிபிள் என்று மாற்றினால் ஏறும். அந்த வசதி இல்லாத கணினி என்றால் அதற்குரிய டிரைவரைச் சிடியிலேயே சேர்த்து எழுத வேண்டும்.

விண்டோஸ் 7 ஏற்றும்போது "சிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை" என்று பாதியில் கேட்கிறதா? பென்டிரைவை நீல நிறத் துளையில் செருகியிருப்பீர்கள். அது யுஎஸ்பி 3.0. விண்டோஸ் 7 பிறந்தது 2009, அதன் நிறுவல் டிஸ்கில் 3.0-க்கு உரிய டிரைவர் இல்லை. கறுப்புத் துளையில் மாற்றிச் செருகுங்கள், முடிந்தது. 2015-க்குப் பின் வந்த பல இன்டெல் கணினிகளில் எல்லாத் துளையும் புதிய முறைதான். அங்கே விசைப்பலகையும் மவுஸும்கூட நிறுவும்போது செத்தது போல நிற்கும். அந்தக் கணினியில் விண்டோஸ் 7-உடன் மல்லுக்கட்டாதீர்கள்.

"இந்த வன்தட்டில் நிறுவ முடியாது, ஜிபிடி முறையில் உள்ளது" என்று வந்தால், அதுவும் இதே குடும்பச் சண்டைதான். லெகசி வழியில் எழுப்பிய விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் பிரித்த வன்தட்டைக் கேட்கும், யூஇஎஃப்ஐ வழியில் எழுப்பியது ஜிபிடியைக் கேட்கும். இங்கேதான் கடைகளில் பெரிய பாவம் நடக்கிறது: எல்லாப் பகுதிகளையும் அழித்துவிடுகிறார்கள். ப்ராஜெக்ட், படம், ரெஸ்யூம், இறந்துபோன தாத்தாவின் ஒரே புகைப்படம் எல்லாம் அதோடு போய்ச் சேரும். முதலில் லினக்ஸ் டிஸ்கை நிறுவாமல் நேரடியாக இயக்கி, கோப்புகளை வெளியே நகலெடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. இதைச் செய்யாமல் "ஃபார்மட்" என்று சொல்பவர் கையில் கணினியைக் கொடுக்காதீர்கள்.

பிரிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. எம்பிஆர் முறையில் நாலு முதன்மைப் பகுதிகள்தான். ஐந்தாவது வேண்டுமென்றால் ஒன்றை நீட்டிப்புப் பகுதியாக்கி அதற்குள் பிரிக்க வேண்டும். நம் மாவட்டக் கதை தெரியும்தானே? 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனியானது, 2002-இல் மறுபடி சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் கோப்புகள் லாரி ஏறின, ஊழியர்கள் பாடு திண்டாட்டம். வன்தட்டையும் அப்படி மாற்றி மாற்றிப் பிரிக்காதீர்கள். தாளில் எழுதிக்கொண்டு ஒரே தடவையில் பிரியுங்கள்.

கடைசியாக வரிசை. பழையது முதலில், புதியது பின்னால், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் கடைசியில். எக்ஸ்பி, பிறகு 7, பிறகு லினக்ஸ். ஏன்? கடைசியாக வந்த விண்டோஸ் வாசலில் தன் ஆளை உட்கார வைத்துவிடும், லினக்ஸ் உள்ளே இருப்பதையே காட்டாது. லினக்ஸ் கடைசியில் வந்தால் அதன் க்ரப் என்ற வாயிற்காவலன் எல்லோர் பெயரையும் பலகையில் எழுதி வைப்பான். வரிசை மாறிப்போனால்கூட உள்ளே எதுவும் அழிவதில்லை. லினக்ஸ் டிஸ்கை இயக்கி க்ரப்பை மறுபடி நிறுவினால் போதும். "லினக்ஸ் காணாமப் போச்சு" என்று அழுத பலரிடம் அது வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஒரு உதாரணம்

செந்துறைப் பக்கத்துப் பெண். அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகிறாள். அவளுடைய மடிக்கணினி எழும்பவில்லை. அண்ணன் ஒரு கடைக்குக் கொண்டு போனார். கடையின் பெயர் வேண்டாம், ஊருக்கு ஊர் அப்படி ஒன்று இருக்கிறது. பார்த்ததற்கு முந்நூறு ரூபாய். "போர்டு காலி, வேணும்னா நானே எடுத்துக்கறேன், எண்ணூறு தர்றேன்" என்று பேரம். அண்ணன் நல்லவேளையாகக் கொடுக்காமல் திரும்பினார்.

என் திண்ணையில் வைத்துப் பார்த்தோம். பயாஸ் திறந்தது. தேதி ஏதோ பல வருடங்களுக்கு முந்தைய ஜனவரி 1. அப்போதே விஷயம் பாதி புரிந்துவிட்டது. உள்ளே ஒரு காசு அளவில் பேட்டரி இருக்கும், கடிகாரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டது. அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, லெகசி என்பது யூஇஎஃப்ஐ என்று மாறிவிட்டது. உள்ளே இருந்த விண்டோஸ் லெகசியில் ஏற்றியது. அதனால் "எழுப்ப எதுவும் இல்லை" என்று கணினி கைவிரித்தது. டிஸ்க் போட்டபோதும் மெனுவோடு நின்றது அதனால்தான். புது பேட்டரி, தேதி, லெகசி. மூன்று திருத்தம். விண்டோஸை மறுபடி ஏற்றவே தேவைப்படவில்லை. செலவு நூறு ரூபாய்க்குள். அவள் தட்டச்சு செய்து வைத்திருந்த இரண்டு வருடக் குறிப்புகள் அப்படியே இருந்தன.

எண்ணூறு ரூபாய்க்கு அந்தக் குறிப்புகளும் சேர்ந்து போயிருக்கும். பதினொரு பேரே, நீங்கள் சொன்ன ஆலோசனையின் விலை அதுதான்.

"பழைய ஓஎஸ் ஆபத்து இல்லையா சார்?"

நியாயமான கேள்வி. பதுங்காமல் பதில் சொல்கிறேன். ஆபத்துதான். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. அவற்றில் இணையத்தைத் திறந்து வங்கி வேலை பார்ப்பது, கதவில்லாத வீட்டில் நகையை வைத்துவிட்டு ஊருக்குப் போவது போல.

அப்படியானால் பழையது எதற்கு? நம் ஊர் அச்சகங்களில் போய்க் கேளுங்கள். கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் இன்னும் பேஜ்மேக்கரில் ஓடுகின்றன. அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001. அது யூனிகோடு தமிழை அறியாது, பழைய எழுத்துருக்களில்தான் வேலை. பள்ளிகளில் இருபது வருட வினாத்தாள்கள் வானவில் எழுத்துருவில் கிடக்கின்றன. பத்திர எழுத்தர்களிடம் பழைய மாதிரிகள் அப்படியே கிடக்கின்றன. பழைய இயங்குதளம் என்பது பழைய பெட்டியின் சாவி. பெட்டியைத் திறந்து பொருளை எடுத்து, மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றி வைக்கும்வரை சாவி வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரப்படுத்தி ஆணையிட்டுவிட்டது. ஆனால் ஆணை போட்ட நாளில் பழைய கோப்புகள் தானாக மாறிவிடவில்லையே.

ஆகவே என் வழி இது: ஒரே கணினியில் இரண்டு. பழைய விண்டோஸ் இணையம் இல்லாமல், பழைய கோப்புகளுக்கு மட்டும். இணையம், படிப்பு, விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் லினக்ஸ். 2 ஜிபி நினைவகம் உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவான முகப்பு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். 32 பிட் விண்டோஸ் ஏறியிருந்ததால் கணினியே 32 பிட் என்று நினைக்காதீர்கள். அந்தத் தலைமுறை மடிக்கணினிகளின் செயலிகள் பெரும்பாலும் 64 பிட். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் இலவசமாகவே உண்டு. வசதி இருந்தால் நினைவகத்தை 4 ஜிபி ஆக்கி, சுழலும் வன்தட்டுக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். அதற்குப் பிறகு அதைப் பழசு என்று சொல்ல உங்களுக்கே வாய் வராது.

இது என் கற்பனை அல்ல. எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழ்நாடு அரசே 2014-இல் அறிவுறுத்தியது. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள், அதற்கென்று கைட் என்ற அரசு நிறுவனமே இருக்கிறது. நம் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் லினக்ஸ் பாடம் இருக்கிறது, ஓப்பன் ஆஃபீஸ் இருக்கிறது. பரீட்சையில் ஐந்து மதிப்பெண் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அதே லினக்ஸை அழிக்கக் காசு கொடுக்கிறோம். படித்தது எங்கே போயிற்று?

"என் ஒரு மணி நேரச் சம்பளம் அந்த லேப்டாப் விலை சார்"

பெங்களூர் பிள்ளை ஒருவர் எழுதியது. உண்மையாக இருக்கலாம், சந்தோஷம். ஆனால் கணினி உன்னுடையது அல்லவே தம்பி. உன் மணிக்கு என்ன விலை என்று கேட்கவில்லை. அவள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைத்து வரும் கூலியில் புதுக் கணினிக்கு எத்தனை மாதம் ஆகும் என்று போட்டுப் பார். இஎம்ஐ என்கிறாய், வட்டி யார் கட்டுவது? "மொபைல்ல பாத்துக்கலாமே" என்கிறாய். நாற்பது பக்கக் குறிப்பை மொபைலில் தட்டச்சு செய்து காட்டு, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் யோசி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற சில்லு வேண்டுமாம், குறிப்பிட்ட தலைமுறைச் செயலி வேண்டுமாம். நேற்று வரை நன்றாக ஓடிய கணினிகள் கோடிக்கணக்கில் ஒரே நாளில் "பழசு" ஆக்கப்பட்டன. உன்னுடையதும் அதில் ஒன்றாக இருக்கும். பொருள் கெட்டுப்போகவில்லை, விற்பவரின் நாட்காட்டி மாறிவிட்டது. விற்பவர் நாட்காட்டியை வைத்து நம் பொருளின் ஆயுளைக் கணக்குப் போடுவது என்ன புத்திசாலித்தனம்? சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டு வயதான கல்மரத்துக்கு வேலி போட்டு, பலகை வைத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம். பத்து வருடக் கணினியைப் பார்த்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றுங்கள், அது வீட்டுக்குள் வெடி. போர்டு உண்மையிலேயே கருகியிருந்தால் விட்டுவிடலாம். ஆனால் அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டு, ஏரிக்கரையில் ஒயரைக் கொளுத்தவிடாமல், மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் முதல் 50 லட்சத்துக்கு நாம் செய்ததையே இதற்கும் செய்யப் போகிறோமா? கொடுப்பது அரசின் வேலை. பராமரிக்கக் கற்றுக்கொடுப்பது யார் வேலை? பள்ளியில் படித்து மேலே போன உங்கள் வேலை.

மென்பொருளில் இருக்கும் ஒவ்வொருவரும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வருகிறீர்கள். பையில் ஒரு வென்டாய் பென்டிரைவ் போட்டுக்கொண்டு வாருங்கள். அதில் ஒரு இலகுவான லினக்ஸ், ஒரு நினைவகச் சோதனை நிரல், முறையான உரிமம் உள்ளவர்களுக்கு உரிய விண்டோஸ். உள்ளே என்னென்ன, எந்தத் தேதி, எந்தக் கணினிக்கு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பெயர் எழுதாத விடைத்தாளும் பெயர் எழுதாத டிஸ்கும் ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை, நீங்கள் படித்த பள்ளியில், ஒரு மேசை. தெருவில் உள்ள பழைய கணினிகளைக் கொண்டு வரச் சொல்லுங்கள். பத்து வந்தால் எத்தனை எழும்புகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். எண்களைப் பார்த்த பிறகு நானும் வாதத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்களே செய்துவிடாதீர்கள். திரையில் வரும் ஆங்கில வரியை அவர்களையே வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். கடைக்காரர் நம்மை ஏமாற்றுவது தொழில்நுட்பத்தால் அல்ல, அந்த ஒரு வரியை நாம் வாசிக்காததால். வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் யாரும் "போர்டு காலி" என்று சொல்ல முடியாது.

குழுவில் கேட்டவருக்கு: பயாஸில் லெகசியை மாற்றிப் பாருங்கள், செக்யூர் பூட்டை நிறுத்துங்கள், கறுப்புத் துளையில் செருகுங்கள், தேதியைச் சரிபாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் திரையைப் படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள். பதினொரு பேரும் பதில் சொல்வார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பயனுள்ளது என்று பட்டால் பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், வெறும் சிரிப்புப் பொம்மைக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்